வாசலுக்கு மேலே நிற்கும் குடும்பங்கள்

சைப்ரஸ் தீவின் ட்ரூடோஸ் மலைக்குப் போகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: அங்கே இருக்கும் பழைய ஆர்த்தடாக்ஸ் (கிழக்குக் கிறிஸ்தவ சபை) கோவில்களின் சுவரோவியங்களைப் பார்க்காமல் வந்துவிடாதே. சரியான பேச்சுதான். அந்த மலைக்கோவில்களில் பத்து, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. 1985இல் ஒன்பது, அப்புறம் 2001இல் பலேஹோரி ஊர்க் கோவில் பத்தாவதாகச் சேர்ந்தது. ஆனால் நான் யாருக்காவது வழி சொன்னால் கூடவே ஒன்று சேர்த்துச் சொல்வேன். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் பீடத்தைப் பார்த்து நடப்பார்கள். நீங்கள் கொஞ்சம் திரும்பி நின்று, வாசலுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். பல கோவில்களில் காசு கொடுத்த குடும்பம் அங்கேதான் நிற்கும். கணவன், மனைவி, பிள்ளைகள், கையில் அந்தக் கோவிலின் சின்ன உருவம்.

நிகோசியாவில் வேலையாக இருந்த காலத்தில் வார விடுமுறை என்றால் எனக்கு இந்த மலைதான். தலைநகரின் வெயிலிலிருந்து தப்பிக்க அதைவிடப் பக்கத்தில் வேறு இடம் கிடையாது. தென்மேற்கே ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் சொலேயா பள்ளத்தாக்கு வந்துவிடும். கர்கோதிஸ் ஆற்றை ஒட்டி ஏறும் சாலையில் முதலில் கலாதா, அதை ஒட்டியே ககோபேத்ரியா. (ஊர்ப் பெயரை நம் ஊர்க் கலாட்டாவோடு சேர்க்க வேண்டாம், அவ்வளவு அமைதி.) ஆற்றங்கரையில் பழ மரங்கள், கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள், மரத்தாலான முகப்பு மாடங்கள், டிரவுட் மீன் பொரித்துத் தரும் உணவகங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் நிகோசியா பாதி அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கோவில் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

பார்க்காததில் ஆச்சரியமும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அவை கோவில் என்றே தெரியாது. கோபுரம் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற குவிமாடம் இல்லை, பளிங்கு இல்லை. சரளைக் கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய தாழ்ந்த சுவர், அதன் மேல் செங்குத்தாகச் சரியும் ஓட்டுக்கூரை, ஒரு சின்ன மரக்கதவு. அவ்வளவுதான்.

இந்தக் கூரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஓவியங்கள் இன்று இருப்பதற்குக் காரணமே அதுதான். பைசாந்தியக் கோவில், அதாவது பழைய கிழக்கு ரோமானியப் பேரரசின் பாணியில் கட்டிய கோவில், என்றாலே குவிமாடம்தான் நினைவுக்கு வரும். சமவெளியில் அது சரி. ட்ரூடோஸில் குளிர்காலத்தில் பனி கொட்டும். உச்சி 1952 மீட்டர், அங்கே பனிச்சறுக்கே நடக்கிறது. குவிமாடத்தின் மேல் பனி உட்கார்ந்து மெதுவாக உருகினால் தண்ணீர் உள்ளே இறங்கும். சுண்ணச் சாந்தில் எழுதிய படத்துக்குத் தண்ணீரைப் போல எமன் வேறில்லை. இந்த மலையின் தச்சர்கள் அதற்குக் கண்ட வழி எளிமையானது. கைமரங்களை நல்ல சாய்வாக நிறுத்தி, குறுக்கே ரீப்பர் அடித்து, தட்டை ஓடுகளை அதில் தொங்கவிட்டார்கள். ஓட்டின் பின்பக்கம், மேல் விளிம்பில், ஒரு மூக்கு இருக்கும். அந்த மூக்கு ரீப்பரில் மாட்டிக்கொள்ளும். இறவாரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்தால் வரிசை வரிசையாக மூக்குகள் தெரியும். பனி அதன் மேல் நிற்காது, வழுக்கி விழுந்துவிடும்.

ககோபேத்ரியாவிலிருந்து சில கிலோமீட்டர் மேலே போனால் கூரைப் புனித நிக்கோலாஸ் கோவில். ஊர்க்காரர்கள் கூரையின் பேரிலேயே அதை அழைக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் முறையான குவிமாடத்தோடு கட்டியது. ஒரு மடத்தின் கோவிலாக இருந்தது. மடத்தின் மற்ற கட்டடங்கள் போய்விட்டன, கோவில் மட்டும் நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டுவாக்கில் அந்தக் குவிமாடத்துக்கும் மேலே ஓட்டுக்கூரை ஒன்றைப் போட்டு மூடிவிட்டார்கள். அழகு போகிறதே என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வெளியே நின்றால் சாய்ந்த ஓடுகள்தான் தெரியும். உள்ளே போய்த் தலை தூக்கினால்தான் குவிமாடம். 11ஆம் நூற்றாண்டில் தொடங்கி 17ஆம் நூற்றாண்டு வரை ஒரே கட்டடத்துக்குள் அடுத்தடுத்து எழுதிய படங்கள் அங்கே இருக்கின்றன. குழந்தை இயேசுவுக்குப் பால் கொடுக்கும் மரியாள் படத்தின் முன்னால் பெண்கள் கொஞ்சம் அதிக நேரம் நிற்பதைக் கவனித்திருக்கிறேன். உறைந்த ஏரியில் வெற்றுடம்போடு நிற்க வைத்துக் கொல்லப்பட்ட செபாஸ்தே நகரத்து நாற்பது வீரர்களின் படமும் உண்டு. ஜனவரியில் அந்தக் குளிருக்குள் நின்று அதைப் பார்த்தால் ஓவியனுக்குக் கற்பனை அதிகம் தேவைப்பட்டிருக்காது என்று தோன்றும்.

சரி, மலைக்கு ஏன் இத்தனை கோவில்கள் வந்தன? இதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1191இல் இங்கிலாந்து அரசன் ரிச்சர்ட் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் சைப்ரஸைப் பிடித்தான். அடுத்த ஆண்டே தீவு லூசிஞான் என்ற பிரெஞ்சு வம்சத்தின் கைக்குப் போனது. அவர்கள் கத்தோலிக்கர்கள். மக்கள் கிரேக்க மொழி பேசும் ஆர்த்தடாக்ஸ்காரர்கள். அரசர்களின் பின்னால் ரோமின் ஆயர்களும் வந்து நகரங்களில் உட்கார்ந்தார்கள். சண்டை சின்ன விஷயமாகத்தான் தொடங்கியது போலத் தெரியும்: திருப்பலிக்குப் புளித்த மாவு அப்பமா, புளிக்காத அப்பமா? ஆனால் 1231இல் காந்தாரா மடத்துத் துறவிகள் பதின்மூன்று பேரை இந்தத் தகராறுக்காகவே நிகோசியாவில் எரித்துக் கொன்றார்கள். 1260இல் போப் நான்காம் அலெக்சாந்தர் ஓர் ஆணை போட்டார். பதினான்கு கிரேக்க ஆயர்கள் இனி நான்கு பேர்தான், அவர்களும் லத்தீன், அதாவது கத்தோலிக்க, ஆயர்களுக்குக் கீழே, அதுவும் நகரத்தில் இருக்கக் கூடாது. நிகோசியாவின் கிரேக்க ஆயருக்கு ஒதுக்கிய இடம் எது தெரியுமா? சொலேயா. இந்தப் பழத்தோட்டப் பள்ளத்தாக்குதான்.

ஆக, நகரத்தில் இடமில்லாமல் போன திருச்சபை மலையில் வந்து ஊன்றிக்கொண்டது. அரசன் காசு இல்லை, பெரிய ஆயர்களின் காசு இல்லை. ஊரில் வசதி உள்ளவர்களும் இல்லாதவர்களும்தான் கொடுத்தாக வேண்டும். எனக்கு இந்த வாசல் படங்கள் முக்கியமாகப் படுவது இதனால்தான். புனிதர்களை எழுத ஓவியர்களுக்கு வழிவழியாக வந்த முறை இருந்தது. இன்னாருக்கு இப்படித் தாடி, இன்னாருக்கு இந்த நிற அங்கி என்று எல்லாம் வகுத்து வைத்தது. காசு கொடுத்தவரை எழுத அப்படி ஒரு முறை இல்லை. அவர் பக்கத்துத் தெருக்காரர். அவரையும் அவர் மனைவியையும் ஊரே அறியும்.

சொலேயாவுக்கு மேற்கே அடுத்த பள்ளத்தாக்கு மரதாசா. அதன் தலைமாட்டில், ஆயிரம் மீட்டருக்கு மேல், பெதுலாஸ் என்ற ஊர். சேலாப்பழத்துக்கு, அதாவது நம் கடைகளில் செர்ரி என்று கிடைப்பதற்கு, பேர் போன இடம். ஊருக்கு நடுவே சரிவில் அதிதூதர் மிக்கேல் கோவில் இருக்கிறது. சின்னது. முப்பது பேர் நின்றால் நெருக்கியடிக்கும் என்பது என் கணக்கு. 1474இல் வசிலியோஸ் என்ற பாதிரியார் தன் செலவில் கட்டினார் என்று வடக்கு வாசலுக்கு மேலே எழுதியிருக்கிறது. எழுதிய ஓவியரின் பேர் மினாஸ், அதே மரதாசாக்காரர். கல்வெட்டுக்குப் பக்கத்திலேயே பாதிரியார் நிற்கிறார். கோவிலின் சின்ன உருவத்தை இரண்டு கையாலும் ஏந்தி மிக்கேலிடம் நீட்டுகிறார். பின்னால் மனைவி, இரண்டு மகள்கள்.

பாதிரியாருக்கு மனைவியா என்று கத்தோலிக்கப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் ஒரு நொடி திகைப்பார்கள். ஆர்த்தடாக்ஸ் சபையில் குருப்பட்டத்துக்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்டவர் தாராளமாகப் பாதிரியார் ஆகலாம். ஊர்ப் பாதிரியார்கள் பெரும்பாலும் குடும்பஸ்தர்கள்தான், இன்றைக்கும். அவருக்குத் தோட்டம் இருக்கும், கட்டிக்கொடுக்க மகள்கள் இருப்பார்கள். அப்படிப்பட்டவர் சேர்த்த காசில் ஒரு கோவில் என்றால், குடும்பத்தில் எல்லாரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியிருப்பார்கள். படத்தில் மனைவிக்கும் மகள்களுக்கும் இடம் கொடுத்தது நியாயம்தான். அவர்களைத் தாண்டி, சுவரில் ஆளுயரத்துக்கும் மேலாக மிக்கேல் நிற்கிறார். சுற்றுலாக் கையேடுகள் அவரைத்தான் படம் போடும். எனக்கென்னவோ அந்த இரண்டு பெண்பிள்ளைகளைவிட்டுக் கண் நகரவில்லை.

நம் ஊர்க் கோவில்களில் டியூப் லைட் வெளிச்சத்தையே மறைக்கிற மாதிரி அதன் மேல் "உபயம்" என்று எழுதி வைப்போமே, அந்த ஆசைதான் இங்கேயும் என்று முதலில் சிரித்துக்கொண்டேன். ஆனால் கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. இங்கே பேரைப் பொறிப்பது பெருமைக்காக மட்டும் இல்லை. கல்வெட்டில் அடிக்கடி வரும் வேண்டுகோள், "இதைப் படிப்பவர்கள் எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்ற மாதிரி இருக்கும். செத்த பிறகு நமக்காக யார் வேண்டிக்கொள்வார்கள் என்ற கவலை அந்தக் காலத்து மனிதர்களுக்குப் பெரிய கவலை. கோவிலைக் கட்டி அதில் தன்னையும் எழுதி வைத்துவிட்டால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் வேண்டிக்கொள்வார்கள். நான்கூட ஒரு கணம் வேண்டிக்கொண்டேன், அவர்கள் எதிர்பார்த்த ஆள் நானில்லை என்றாலும்.

இனி கலாதாவுக்கு வருவோம். நான் அதிகம் சுற்றியது அங்கேதான். ஊருக்கு வெளியே, ஆற்றுப் பக்கம், கூப்பிடு தூரத்தில் இரண்டு கோவில்கள் நிற்கின்றன. ஊருக்குள்ளே இன்னொன்று. மூன்றும் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் எழுந்தவை: 1502, 1513, 1514. தீவு அப்போது வெனிஸ்காரர்கள் கையில் இருந்தது. 1489இல் லூசிஞான்களிடமிருந்து அவர்களுக்குப் போனது, 1571 வரை அவர்களிடம் இருந்தது, அப்புறம் துருக்கியர் வந்துவிட்டார்கள்.

1502இல் கட்டியது பொதித்து மாதா கோவில். யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது கலாதாவில் இது ஒன்றுதான். கட்டியவர் திமீத்ரியோஸ் தெ கொரோன், அவர் மனைவி எலெனி. பேரிலேயே கிரேக்கமும் பிரெஞ்சும் கலந்திருப்பதைப் பாருங்கள். உள்ளே பாதிச் சுவர் வெறும் சுவர். பீடத்தின் பின்னால் வளைவிலும், முகட்டுக்குக் கீழே முக்கோணமாக அமைந்த மேல்சுவர்களிலும்தான் படம். மேற்கே சிலுவைப்பாடு. அதைப் பார்த்தவுடன் இத்தாலிக்காரர்களின் கைவாசனை தெரிந்துவிடும். பழைய பைசாந்தியப் படங்களில் சிலுவையின் இரண்டு பக்கமும் மரியாளும் யோவானும் நிற்பார்கள், பின்னால் ஒரு மதில், முடிந்தது. இங்கே ஒரு கூட்டமே இருக்கிறது. குதிரைகள், ஈட்டிகள், இரண்டு கள்வர்கள், மயங்கிச் சாயும் தாய். எழுதியவர் வெனிஸ் படங்களைப் பார்த்துப் பழகியவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நன்றாக எழுதத் தெரிந்தவரும்கூட. ஆனால் காசு கொடுத்தவருக்குத் தன் ரசனையைக் காட்டிக்கொள்ளும் ஆசை அதிகம் என்று தோன்றும். எனக்கு இந்தக் கோவில் மேல் மரியாதை உண்டு, ஒட்டுதல் கிடையாது.

பக்கத்திலேயே இருக்கும் அதிதூதர் கோவில் வேறு மாதிரி. சிலர் அதை தேவதாயின் கோவில் என்றும் சொல்கிறார்கள். 1514இல் எழுதியது. சிமியோன் ஆக்ஸெந்திஸ் என்ற ஓவியர் சுவரில் ஓர் அங்குலம் விடாமல் நிரப்பியிருக்கிறார். நான் போனபோது கதவைத் திறந்துவிட்டவர் ஒரு பெரியவர். விளக்கு சரியாக எரியாமல் கைவிளக்கை எடுத்து வந்தார். எல்லாரையும் போல நானும் பீடத்தை நோக்கி நடக்கப் பார்த்தேன். அவர் தோளைத் தட்டி, வடக்கு வாசலுக்கு மேலே வெளிச்சத்தை அடித்தார்.

அங்கே ஸக்கரியா குடும்பம் நிற்கிறது. போலோ ஸக்கரியா, மனைவி மதலேனா, பிள்ளைகள். "அந்த அம்மா கையைப் பாருங்க" என்றார் பெரியவர். மதலேனாவின் கையில் ஜெபமாலை. அது கத்தோலிக்கர்களின் ஜெபமாலை. "இப்போ பொண்ணு கையைப் பாருங்க." மகள் ஒருத்தி விரித்த புத்தகத்தை வைத்திருக்கிறாள். அதில் இருப்பது அகாத்திஸ்தோஸ், மரியாளைப் போற்றும் கிரேக்கத் துதிப்பாடல். ஆர்த்தடாக்ஸ்காரர்கள் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நின்றுகொண்டே பாடுவது.

தாய் ஒரு சபை, மகள் ஒரு சபை. ஒரே படத்தில், ஒரே வாசலுக்கு மேலே. இருவரையும் சேர்த்து நிறுத்த ஓவியருக்கும் தயக்கமில்லை, கோவிலைக் கட்டிய அப்பாவுக்கும் தயக்கமில்லை, தினமும் அந்த வாசலில் நுழைந்த ஊராருக்கும் தயக்கமில்லை போலிருக்கிறது. அப்பத்துக்குப் புளித்த மாவா என்று கேட்டுப் பதின்மூன்று பேரைக் கொன்ற அதே தீவு இது. இடையில் இருநூற்றெண்பது ஆண்டுகள் ஓடியிருக்கின்றன, அது உண்மை. ஆனால் போப்பின் ஆணையை யாரும் திரும்பப் பெற்றிருக்கவில்லை. மேலிடத்தில் சண்டை அப்படியே இருக்க, கீழே பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தீவின் வரலாறு என்று எழுதும் புத்தகங்கள் அரசர்களையும் ஆயர்களையும் வைத்தே ஓடிவிடும். இந்த ஒரு முழத்துச் சுவர் சொல்வது அதற்குள் வராது.

இதே கலப்பை இன்னொரு பக்கமிருந்து பார்க்க வேண்டுமானால் மரதாசாவில் பெதுலாஸுக்குக் கீழே இருக்கும் கலோபனயோதிஸுக்குப் போக வேண்டும். லம்பதிஸ்தி யோவான் மடம் அங்கே இருக்கிறது. மூன்று கோவில்களை ஒட்டி ஒட்டிக் கட்டி, எல்லாவற்றையும் ஒரே பெரிய ஓட்டுக்கூரையால் மூடியிருக்கிறார்கள். மூன்றில் ஒன்றுக்கு லத்தீன் சிற்றாலயம் என்றே பேர். ஆனால் அதன் சுவரில் எழுதியிருப்பது எது? அகாத்திஸ்தோஸ் துதியின் இருபத்துநான்கு பத்திகளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு படமாக. பாணி இத்தாலி, பாடல் கிரேக்கம். லத்தீன்காரர்களுக்காகத்தான் கட்டியது என்ற பழைய பேச்சை அதனாலேயே நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஒரு ஊருக்கு ஒரு கோவில் போதாதா என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாள் இருந்தது. பதில் ஓரளவுக்கு அவர்களுடைய வழிபாட்டு விதியிலேயே இருக்கிறது. ஆர்த்தடாக்ஸ் வழக்கப்படி ஒரு பீடத்தில் ஒரு நாளைக்கு ஒரு திருப்பலிதான். இன்னொன்று வேண்டுமென்றால் இன்னொரு பீடம் வேண்டும். மீதிக்குப் பதில், வேண்டுதல். பிள்ளை பிழைத்தால் ஒரு சிற்றாலயம், கப்பல் திரும்பினால் ஒரு சிற்றாலயம். தோட்டத்து மூலையில், ஊற்றுக்குப் பக்கத்தில், சாலை வளைவில் என்று எங்கே பார்த்தாலும் ஒன்று. பலவற்றில் ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், அந்தப் புனிதரின் திருநாளன்று, திருப்பலி நடக்கும். மிக்கேலுக்கு நவம்பர் 8, நிக்கோலாஸுக்கு டிசம்பர் 6, மரியாளுக்கு ஆகஸ்ட் 15. அன்றைக்குத் தூபம், தேன்மெழுகுத் திரிகள், வெளியே மேசை போட்டுச் சாப்பாடு. மற்ற நாளெல்லாம் பூட்டு.

கொடுத்தவர்கள் எல்லாரும் ஸக்கரியாக்கள் மாதிரி வசதியானவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சொலேயாவின் கீழ்க்கோடியில், நிகிதாரி ஊருக்கு மேலே காட்டுக்குள் அசினூ கோவில் இருக்கிறது. அசினூ என்று ஓர் ஊர் இருந்தது, இப்போது இல்லை, கோவில் மட்டும் மிச்சம். கட்டியவர் நிக்கெஃபோரோஸ் என்ற பெரிய அதிகாரி. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து 6614ஆம் ஆண்டு என்று கல்வெட்டில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் செப்டம்பரில் ஆண்டு பிறக்கும் என்பதால் நாம் அதை 1105/06 என்று எழுதுகிறோம். அவர் பேச்சு இருக்கட்டும். பின்னால் சேர்த்த முன்மண்டபத்தில், குதிரை மேல் புனித ஜார்ஜ் இருக்கிறார். அந்தப் படத்துக்குக் காசு கொடுத்தவர் பேரும் நிக்கெஃபோரோஸ்தான், ஆனால் தொழில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பது. குதிரை வைத்தியர் கொடுத்த காசுக்கு நல்ல குதிரை கிடைத்திருக்கிறது. பக்கத்தில் புனித அனஸ்தாசியாவை எழுதக் கொடுத்தவள் அனஸ்தாசியா சரமலினா என்ற பெண், தன் பேர்கொண்ட புனிதைக்குப் பக்கத்தில் சின்னதாக நிற்கிறாள். அதே மண்டபத்தில் கட்டிப்போட்ட வேட்டைநாய்களும் முஃப்லோன் என்ற காட்டாடுகளும்கூட உண்டு. இவை யாருடைய ஆசையோ.

இவ்வளவு படங்களும் நிலைத்து நிற்கக் கூரை மட்டும் போதவில்லை. நூற்றாண்டுக்கணக்கான மெழுகுத்திரிப் புகை படிந்து கறுத்துக் கிடந்தவற்றை 1960களில் டம்பர்ட்டன் ஓக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஆட்கள் வந்து துடைத்தெடுத்தார்கள், அசினூவில் முதலில், பிறகு லகுதேரா ஊர்க் கோவிலில். பூட்டும் சாவியும் வேறு முக்கியம். 1974இல் துருக்கியப் படை வந்திறங்கிய போருக்குப் பின் தீவு வடக்கு, தெற்கு என்று இரண்டானது. வடக்கே போன கோவில்களில் என்ன நடந்தது என்பதற்கு லிசி ஊர்ச் சிற்றாலயம் சாட்சி. அதன் குவிமாடத்து ஓவியங்களைத் துண்டு துண்டாக வெட்டிக் கடத்தி விற்றார்கள். அமெரிக்காவின் மெனில் அறக்கட்டளை சைப்ரஸ் திருச்சபையின் சம்மதத்தோடு அவற்றை வாங்கிச் சீர்செய்து, 1997 முதல் ஹூஸ்டனில் தனிக் கட்டடத்தில் வைத்திருந்து, 2012இல் திருப்பிக் கொடுத்தது. ட்ரூடோஸ் தெற்கில் தங்கியதால் தப்பியது. கதவைத் திறக்கச் சாவிக்காரரைத் தேடிக் காப்பிக்கடை காப்பிக்கடையாக அலைய நேர்ந்தால் அலுத்துக்கொள்ள வேண்டாம். அவர் காப்பியை முடித்துவிட்டுத்தான் எழுந்து வருவார், உங்களுக்கும் ஒன்று சொல்லிவிடுவார்.

கலாதாவின் மூன்றாவது கோவிலைக் கடைசிக்கு வைத்தேன். ஊருக்குள்ளே இருக்கும் புனித சொசோமெனோஸ் கோவில். 1513இல் அதே ஆக்ஸெந்திஸ் எழுதியது, ஸக்கரியாக்களுக்கு எழுதுவதற்கு முந்தின ஆண்டு. இதற்குத் தனிப் பணக்காரர் கிடையாது. ஊரார் பலர் சேர்ந்து கொடுத்தார்கள். ஓட்டுக்கூரையை இரண்டு பக்கமும் தாழ இறக்கி, அதைத் தாங்க வெளியே இன்னொரு சுவர் எழுப்பியதில் நடுவே மூடிய நடை ஒன்று கிடைத்திருக்கிறது. மழையும் பனியும் படாத இடம் என்று ஆனதும் கோவிலின் வெளிச்சுவரிலும் படம் எழுதிவிட்டார்கள். அங்கே ஏழு பொதுச்சங்கங்கள், அதாவது திருச்சபையின் ஆயர்கள் கூடி முடிவெடுத்த பெரிய கூட்டங்கள், இருக்கின்றன, 325இல் நைசியாவில் கூடியதில் தொடங்கி 787இல் அதே ஊரில் கூடியது வரை. நடுவில் பேரரசன், இரு பக்கமும் வரிசையாக ஆயர்கள். கடைசிச் சங்கம்தான் திருவுருவங்களை வணங்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு இல்லையென்றால் இந்தச் சுவரும் இல்லை, எதிரே இருக்கும் எந்தச் சுவரும் இல்லை. நகரத்தில் தங்கள் ஆயருக்கே இடமில்லாத ஜனங்கள், ஏழு சங்கத்து ஆயர்களையும் கூட்டி வந்து தங்கள் ஊர்ச் சுவரில் உட்கார வைத்துக்கொண்டார்கள்.

ஆக்ஸெந்திஸின் கை இங்கே கொஞ்சம் அவசரம். முகங்கள் ஒன்றைப் போல ஒன்று இருக்கும், கட்டங்கள் நெருக்கியடிக்கும், கதையைச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற வேகம் தெரியும். கொடுத்த காசுக்குள் எவ்வளவு அடைக்க முடியுமோ அவ்வளவும் அடைத்திருக்கிறார். பொதித்துவின் நளினம் இதில் கிடையாது. யுனெஸ்கோ பட்டியலிலும் இது கிடையாது. அதனாலேயே அங்கே நீங்கள் தனியாக, யாரும் அவசரப்படுத்தாமல் நிற்கலாம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், கேட்டுப் பார்த்து மனத்தாங்கல் ஆக வேண்டாம். மதியம் பல கோவில்கள் மூடிவிடும், காலையிலேயே ஏறிவிடுங்கள். கைவிளக்கு ஒன்று கட்டாயம். திரி வாங்கச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் கலாதாவிலேயே இருந்துவிடுங்கள், மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். முதலில் பொதித்து, அடுத்து அதிதூதர், கடைசியில் சொசோமெனோஸ். இந்த வரிசையில் பார்த்தால், ஒரு பிரபு காசு, ஒரு குடும்பத்துக் காசு, ஊர்க்காசு என்று போகும். மூன்றாவதற்கே நேரம் அதிகம் வையுங்கள்.